“புகை இல்லல்லா சார்?” – கஞ்சா உடலுக்குள் போகும் வழிகளைப் பற்றி

முக்கூடல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பாளையங்கோட்டையில் உள்ள என் மருத்துவமனைக்கு வந்த அந்த அம்மா, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒற்றைப் பீடி ஒன்றை என் மேசைமேல் வைத்தார். முப்பது ஆண்டுகளாகப் பீடி சுற்றுகிறவர். மகனின் சட்டைப் பையில் கிடைத்ததாம். என் கண்ணுக்கு அது சாதாரணப் பீடியாகத்தான் தெரிந்தது. “பீடி நம்ம வீட்டுப் பீடிதான் சார். ஆனா இந்தக் கட்டு நான் போட்ட கட்டு இல்ல. அவுத்து, உள்ள வேற என்னத்தையோ வச்சு, திரும்பக் கட்டியிருக்கான்” என்றார். இருபது ஆண்டுகளாக மனநல மருத்துவம் பார்க்கும் எனக்கு நூல் கட்டைப் பார்த்துக் கஞ்சாவைக் கண்டுபிடிக்கத் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து மகனையும் அழைத்துக்கொண்டு வந்தார். இருபது வயதான அந்தப் பையன், தான் இழுப்பதை விட்டுவிட்டதாகவும், இப்போது எப்போதாவது கஞ்சா கலந்த ‘சாக்லேட்’ மட்டும் தின்பதாகவும் சற்றுப் பெருமையோடு சொன்னான். அம்மாவின் முகத்திலும் நிம்மதி. “புகை இல்லல்லா சார், அப்ப நெஞ்சுக்கு ஒண்ணும் செய்யாதுல்லா?” என்று கேட்டார். இதே கேள்வியை மேலப்பாளையத்திலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் வந்த பெற்றோர்கள் வேறு வேறு சொற்களில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். நோயாளிகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. என்ற பொருள். 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் காவோனியும் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். பெண் செடியின் பூங்கொத்தில் ஊறும் பிசினில்தான் அது மிகுதியாக இருக்கிறது. எந்த வழியில் போனாலும் அது கடைசியில் சென்று சேரும் இடம் மூளைதான். ஆனால் எவ்வளவு வேகத்தில், எவ்வளவு நேரத்துக்கு, எந்த உருவில் போய்ச் சேர்கிறது என்பது வழிக்கு வழி மாறுகிறது. நான் காணும் சிக்கல்களும் அதற்கேற்ப மாறுகின்றன.

புகையாக இழுக்கும்போது டி.எச்.சி. நுரையீரலிலிருந்து நேரே இரத்தத்தில் கலந்து, ஓரிரு நிமிடங்களில் மூளையை எட்டிவிடுகிறது. அரை மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. இந்த வேகத்தில் ஒரு விபரீதம் இருக்கிறது. இழுத்தவுடன் பலன் கிடைப்பதால், மூளை அந்தச் செயலையும் அந்தச் சுகத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொள்கிறது; பழக்கம் சீக்கிரம் வேரூன்றுகிறது. நம் பகுதியில் கஞ்சாவைத் தனியாக இழுப்பவர்கள் குறைவு. பீடித் தூளோடும் சிகரெட் தூளோடும் கலந்தே இழுப்பதால், கஞ்சாவை விட்ட பிறகும் நிகோடின் விடுவதில்லை. புகையை நெஞ்சுக்குள் நிறுத்திவைத்தால் போதை கூடும் என்பது இளைஞர்களிடையே உள்ள நம்பிக்கை. உள்ளே போன டி.எச்.சி.யில் பெரும்பகுதியை நுரையீரல் முதல் சில நொடிகளிலேயே எடுத்துக்கொண்டுவிடும். மூச்சைப் பிடித்து நிற்பதால் கூடுவது தாரும் கார்பன் மோனாக்சைடும்தான். நாள்பட்ட இருமல், சளி, மூச்சுக்குழல் அழற்சி ஆகியவற்றில் கஞ்சாப் புகைக்கும் புகையிலைப் புகைக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. எனவே அம்மாவின் கேள்விக்குப் பாதி விடை ‘ஆம்’ என்பதே: புகையை நிறுத்தினால் நுரையீரல் தப்பிக்கிறது.

மீதிப் பாதிதான் எனக்குக் கவலை. டி.எச்.சி. கொழுப்பில் கரைவது, நீரில் கரையாது. அல்வாக் கிண்டுகிறவரிடம் நெய்யின் குணத்தைப் பற்றிக் கேட்டால் இது எளிதில் விளங்கும். தின்றது வயிற்றில் கரைந்து, குடல் வழியாகக் கல்லீரலுக்குப் போய், அங்கே ஒரு பகுதி 11-ஹைட்ராக்சி டி.எச்.சி. என்ற வேறொரு பொருளாக மாறுகிறது. இதுவும் போதை தருவதே. மூளைக்குள் எளிதாக நுழைவதும்கூட. இந்தச் சுற்றுக்கு அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். வெறும் வயிறா, பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்ட வயிறா என்பதைப் பொறுத்தும் அது மாறும். உச்சத்துக்குப் போக மேலும் நேரமாகும். முழுதாக இறங்க ஆறு, எட்டு மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேல். இழுக்கிறவன் போதும் என்று தோன்றும்போது நிறுத்திவிட முடியும். தின்றவனுக்கு அந்த அறிகுறி வந்து சேரும்போது எல்லாம் உள்ளே போயிருக்கும்.

குற்றாலத்தில் சாரல் காலம். நான்கு நண்பர்கள் அருவிக்குப் போகும் வழியில் ஆளுக்கொரு துண்டு தின்றிருக்கிறார்கள். குளித்து முடித்து ஒரு மணி நேரமாகியும் ‘ஒன்றும் ஏறவில்லை’ என்று ஒருவன் மட்டும் மேலும் இரண்டு துண்டு தின்றான். திரும்பும் வழியில், ஆலங்குளம் தாண்டியதும் அவனுக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. “செத்துப்போயிருவேன், வண்டிய நிப்பாட்டு” என்று கத்தியவன் கதவைத் திறந்து குதிக்கப் பார்த்திருக்கிறான். அவசரப் பிரிவுக்கு வரும்போது நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 140. மாரடைப்பு என்றே முதலில் நினைத்தார்கள். ஈசிஜியில் வேகம் தவிர வேறு கோளாறு இல்லை. என்ன சாப்பிட்டான் என்று கேட்டால் நண்பர்கள் மூவரும் தரையைப் பார்க்கிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவர்களில் ஒருவன் மட்டும் தயங்கித் தயங்கி வந்து, ஈரமான காற்சட்டைப் பையிலிருந்து கசங்கிய உறையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு விலகிப் போனான். அந்த உறையால் தேவையற்ற பல பரிசோதனைகள் தவிர்ந்தன.

அந்தப் பையன் பிழைத்தான். 2014 மார்ச்சில் அமெரிக்காவின் டென்வர் நகரில் 19 வயது மாணவர் ஒருவருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. சட்டப்படி கடையில் வாங்கிய பிஸ்கட்டில் மொத்தம் 65 மில்லிகிராம் டி.எச்.சி. இருந்தது, ஆறில் ஒரு பங்கை மட்டும் தின்னுமாறு கடைக்காரர் சொல்லியிருந்தார். அப்படியே தின்றுவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று மீதியையும் தின்றவர், சில மணி நேரத்தில் நிலைதடுமாறி மாடியிலிருந்து விழுந்து இறந்தார். அங்கே உறையில் அளவாவது அச்சிட்டிருந்தது. நம் ஊரில் திருட்டுத்தனமாக விற்கப்படும் மிட்டாயில் எவ்வளவு இருக்கிறது என்று விற்பவனுக்கும் தெரியாது. ஒரே பொட்டலத்தில் இரண்டு துண்டுகள்கூட ஒன்றுபோல இருப்பதில்லை. இன்னொன்று, சாக்லேட் என்றால் வீட்டில் உள்ள சின்னப் பிள்ளையும் எடுத்துத் தின்னும். அளவு மீறினால் பெரியவருக்குப் பதற்றம். குழந்தைக்கோ மயக்கமும் மூச்சுத் தளர்ச்சியும் வரலாம். எழுப்பியும் எழாத குழந்தையோடு வரும் பெற்றோர் இதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

“சித்தர்கள் சொன்ன மூலிகைதானே, கோரக்கர் மூலிதானே” என்று வாதாடுகிறவர்களும் உண்டு. பெயர் சரிதான். ஆனால் சித்த மருத்துவம் அதை நச்சுத்தன்மை உள்ள சரக்குகளில் ஒன்றாக வைத்து, நச்சு நீங்கச் சுத்தி செய்து, மிகச் சிறிய அளவில், வேறு மருந்துகளோடு சேர்த்தே கொடுக்கச் சொல்கிறது. பெட்டிக்கடைக்குப் பின்னால் கைமாறும் மிட்டாய்க்கு எந்த வைத்தியர் சுத்தி செய்தார் என்று கேட்டால் பதில் வருவதில்லை. கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கைப் பற்றியும் குழப்பம் இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் பூங்கொத்தையும் பிசினையும் கஞ்சா, சரஸ் என்று வரையறுத்து, பூங்கொத்து கலவாத இலையையும் விதையையும் அதிலிருந்து விலக்குகிறது. சட்டத்தின் அந்த விலக்கைக் கல்லீரல் அறியாது, இலையிலும் டி.எச்.சி. உண்டு.

மின்சிகரெட் வழியாக எண்ணெயை ஆவியாக்கி இழுப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மின்சிகரெட்டை விற்பதும் இருப்பு வைப்பதும் 2019 முதல் இந்தியா முழுவதும் தடை. புகைநாற்றம் இல்லாததால் விடுதி மாணவர்களை இது ஈர்க்கிறது. எண்ணெயில் டி.எச்.சி.யின் செறிவு பூவில் இருப்பதைப் போலப் பல மடங்கு இருக்கலாம். 2019இல் அமெரிக்காவில் இப்படி இழுத்தவர்களிடையே பரவிய கடும் நுரையீரல் நோயில் 2,800க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் அல்லது இறந்தார்கள். எண்ணெயில் கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட்தான் அதற்கு முதன்மைக் காரணமாகக் கருதப்பட்டது.

எந்த வழியானாலும் மாறாதவை சில உண்டு. தொடர்ந்து இழுத்த ஒரு கல்லூரி மாணவன் காலையில் எழுந்தது முதல் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தான். ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்தும் ஒன்றும் அகப்படவில்லை. அவன் அம்மா வேறு ஏதோ சொல்லும்போது, “ஒரு நாளைக்கு ஆறு தடவ வெந்நீர்ல குளிக்கான் சார், மாசத்துக்கு ஒரு சிலிண்டர் கூடுதலா ஆகுது” என்றார். அந்தச் சிலிண்டர்தான் எனக்கு நோயைக் காட்டிக்கொடுத்தது. நாள்பட்ட கஞ்சாப் பழக்கத்தால் வரும் இந்தத் தொடர் வாந்தி வெந்நீர்க் குளியலில் மட்டும் சற்றுத் தணியும். கஞ்சாவை அறவே விட்டால்தான் நிற்கும். இருபத்தைந்து வயது வரை வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் கஞ்சா ஏற்படுத்தும் மனச்சிதைவு அபாயம் அதைவிடக் கொடியது. செறிவு மிகுந்த கஞ்சாவைத் தினமும் பயன்படுத்துகிறவர்களுக்கு மனச்சிதைவு போன்ற மனநோய் வரும் வாய்ப்பு, ஒருபோதும் பயன்படுத்தாதவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்து 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. குடும்பத்தில் ஏற்கெனவே அந்நோய் இருந்தால் நான் ‘அளவோடு’ என்ற சொல்லையே உச்சரிப்பதில்லை.

வாசனையை மோந்து பார்ப்பதை மட்டும் நம்பியிருக்கும் பெற்றோருக்கு, தின்கிற பழக்கம் வெகுநாள் பிடிபடாது. அதற்காகச் சிறுநீர்ப் பரிசோதனைக் கருவியை வாங்கி வைத்துக்கொண்டு பிள்ளையை விரட்டுவதையும் நான் ஆதரிப்பதில்லை. தொடர்ந்து எடுத்தவருக்கு, விட்டபின்னும் வாரக்கணக்கில் அது சிறுநீரில் தெரியும்; உண்மையிலேயே விட்டவனும் பொய்யனாகிவிடுவான். காவல்துறைக்குப் பயந்து வராதவர்கள் மேற்சொன்ன போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவை அறிந்திருப்பது நல்லது. அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைப்பட்டவர்மீது, பயன்படுத்தியதற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குத் தொடர்வதிலிருந்து அப்பிரிவு பாதுகாப்பளிக்கிறது; சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பை இழக்க நேரிடலாம். 14446 என்ற எண்ணில் இலவச ஆலோசனையும் கிடைக்கும்.

முக்கூடல் பையன் சாக்லேட்டையும் விட்டு ஒரு மாதம் ஆகிறது. முதல் இரண்டு வாரம் எரிச்சல், பசியின்மை, கெட்ட கனவு; இப்போது தூக்கம்தான் இன்னும் பிடிபடவில்லை. “தூக்கம் வராத ராத்திரி எங்கூட உக்காந்து இலை வெட்டிக் குடுக்கான் சார்” என்றார் அம்மா. நல்லதுதான், ஆனால் புகையிலைத் தூள் இருக்கும் சொளவு மட்டும் அவன் கைக்கு எட்டாமல் இருக்கட்டும் என்றேன். “அது எம்மடியிலதான சார் இருக்கு” என்றார்.