மெட்டபொலைட் என்பது கழிவன்று

சேலம் அஸ்தம்பட்டியில் பெருங்குடல் புற்றுநோய் குறித்து நடந்த விழிப்புணர்வுக் கூட்டமொன்றில், திரையில் இப்படி ஒரு வரி வந்தது: 'குடல் பாக்டீரியாக்களின் கழிவுகளைக் கொண்டு புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியலாம்.' உயிர்ச்செல்லின் வேதி மாற்றங்களில் உருவாகும் சிறு மூலக்கூறைக் குறிக்கும் மெட்டபொலைட் என்ற சொல்லைத்தான் 'கழிவு' என்று ஆக்கியிருந்தார்கள். செய்திகளிலும் காணொளிகளிலும் இதே மொழிபெயர்ப்பைப் பலமுறை கண்டு பொறுத்திருக்கிறேன். அன்று பொறுக்க முடியாமற்போனதற்குக் காரணம், முன்வரிசையிலிருந்த ஒரு மூதாட்டி எழுந்து கேட்ட கேள்வி. "ஏனுங்க டாக்டர், மாசத்துக்கு ஒருக்கா பேதி மாத்திரை போட்டு அந்தக் கழிவையெல்லாம் வெளியேத்திட்டா இந்த நோவு வராதுங்களா?" அவர் திரையிலிருந்த சொல்லை அப்படியே நம்பிக் கேட்டார். பிழை அவருடையதன்று.

சொல்லின் வரலாறு சிறியது. கிரேக்கத்தில் 'மெட்டபொலே' என்றால் மாற்றம். அதிலிருந்து, செல்லில் நிகழும் வேதி மாற்றங்களைக் குறிக்கும் பெயரடையை ஜெர்மானிய அறிஞர் தியோடார் ஷ்வான் 1839இல் வெளிவந்த தம் நூலில் ஆண்டார். மெட்டபாலிசம் என்பதற்கு நம் பாடநூல்கள் தரும் 'வளர்சிதை மாற்றம்' நல்ல ஆக்கம். கட்டுவதையும் உடைப்பதையும் வளர், சிதை என்னும் இரண்டு வினையடிகளிலேயே அடக்கிவிடுகிறது. அந்த மாற்றத்தின் வழியில் உருவாகும் சிறு மூலக்கூறே மெட்டபொலைட். வேரில் இருப்பது மாற்றம். கழித்தல் அதில் எங்கும் இல்லை.

கழிவு என்பது பயன் தீர்ந்து ஒதுக்கப்படுவது. சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் பிழிகிறார்கள்; பால் தொட்டியில் படிந்து மாவாகிறது; பிழிந்தபின் நிற்கும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். மாவையும் திப்பியையும் ஒரே சொல்லால் அழைக்கும் ஆளை எந்த ஆலையிலும் வேலைக்கு வைக்கமாட்டார்கள். திப்பியைக்கூட மாட்டுத் தீவனமாக விற்பவர்கள் நம் மக்கள். அவர்களிடம், பாக்டீரியா ஆக்கித் தரும் பொருள்கள் அனைத்தையும் கழிவு என்று சொல்வது என்ன நியாயம்? தயிரின் புளிப்புக்குக் காரணமான லாக்டிக் அமிலமும் பாக்டீரியாவின் வளர்சிதை மாற்றத்தில் விளைந்ததுதான். அதைக் கழிவு என்று சொல்லி யாரும் பரிமாறுவதில்லை.

குடலுக்குள் நடப்பதைப் பார்த்தால் இந்தச் சொல்லின் தீங்கு இன்னும் தெளிவாகும். நாம் உண்ணும் நார்ச்சத்தைச் சில பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்னும் சிறு கொழுப்பமிலத்தை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு அதுவே முதன்மையான எரிபொருள். கல்லீரல் சுரக்கும் பித்த அமிலத்தை வேறு சில பாக்டீரியாக்கள் டீஆக்சிகோலிக் அமிலமாக மாற்றுகின்றன. இது மிகும்போது குடற்செல்களுக்குக் கேடு விளையக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் இதையும் கழிவு என்று தள்ள முடியாது, ஏனெனில் இதில் ஒரு பகுதியை உடலே உறிஞ்சி மீண்டும் கல்லீரலுக்கு அனுப்புகிறது. நன்மை செய்வதும் தீமை செய்வதும் ஆகிய இரண்டையும் தாங்கக்கூடிய, எந்தப் பக்கமும் சாயாத சொல்லே இங்கு வேண்டும்.

நோயைக் கண்டறியும் இடத்தில்தான் 'கழிவு' முற்றிலும் தடம் புரள்கிறது. மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைத் தேடும் பரிசோதனை நெடுநாளாக உண்டு. இப்போது ஆராயப்படுவது வேறு: மலத்திலோ இரத்தத்திலோ உள்ள பல பொருள்களின் அளவுகளைச் சேர்த்துப் பார்த்து, அவற்றின் கோலம் மாறியிருக்கிறதா என்று காண்பது. குழாய்க் கருவியைச் செலுத்திப் பெருங்குடலின் உட்புறத்தை நேரில் பார்க்கும் கொலோனோஸ்கோபியின் இடத்தை இது பிடித்துவிடவில்லை. யாருக்கு அந்தப் பரிசோதனை தேவை என்று முன்னரே சுட்டக்கூடும் என்பதே எதிர்பார்ப்பு. புற்றுநோயாளிகளின் குடலில் ஃபியூசோபாக்டீரியம் என்னும் பாக்டீரியா மிகுந்திருப்பதை 2012இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. பியூட்டிரேட்டை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் குறைந்திருப்பதும் பல ஆய்வுகளில் தெரிந்தது. அதாவது, எச்சரிக்கைக் குறி சிலவேளை ஒரு நல்ல பொருளின் குறைவு. 'கழிவு குறைந்திருக்கிறது' என்று அறிக்கையில் எழுதினால், படிப்பவர் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போய்விடுவார்.

சிலர் 'வளர்சிதைமாற்றி' என்று எழுதுகிறார்கள். சுருக்கம் என்பதற்காக இலக்கணத்தைக் கைவிட்ட ஆக்கம் இது. மின்மாற்றி மின்னழுத்தத்தை மாற்றுகிறது. மாற்றி என்றால் மாற்றுவது. இங்கே மாற்றுவது பாக்டீரியாவும் அதன் நொதிகளும். மெட்டபொலைட் அந்த மாற்றத்தில் கிடைப்பது. செய்பவனுக்கும் செய்பொருளுக்கும் வேறுபாடு தெரியாத கலைச்சொல் எவ்வளவு தூய தமிழாயினும் எனக்கு வேண்டாம். இலங்கைப் பாடநூல்கள் 'அனுசேபம்' என்கின்றன. அதன் வேர் வடமொழியாயினும், அனுசேபப் பொருள் என்றால் பொருள் பிறழ்வதில்லை. தூய்மையைவிடத் தெளிவை முன்வைப்பவன் என்பதால் அதைக் குறைசொல்ல மாட்டேன். நம் பக்கத்து வாசகர் பள்ளியிலேயே படித்த 'வளர்சிதை மாற்றப் பொருள்' இருக்கும்போது புதிதாக ஆக்க வேண்டிய தேவையும் இல்லை. நீளம் என்று தோன்றினால், முதல்முறை முழுதாக எழுதிவிட்டு அடுத்து 'மாற்றப் பொருள்' என்று சுருக்கலாம்.

நம் மருத்துவ மொழிபெயர்ப்பாளர்கள் பலர் கலைச்சொல்லைத் தவிர்த்தாலே எளிமை வந்துவிடும் என்று நம்புகிறார்கள். பாக்டீரியா அனைத்தையும் கிருமி என்று எழுதுவதும் இந்த நம்பிக்கையால்தான். கிருமி என்றதும் கேட்பவர் மனம் கொல்வதற்கு மருந்து தேடுகிறது. அந்தத் திரையில் இவ்வாறு எழுதியிருக்கலாம்: 'குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் வளர்சிதை மாற்றப் பொருள்களில் எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று பார்த்து, பெருங்குடல் புற்றுநோயின் அறிகுறியைத் தொடக்கத்திலேயே கண்டறிய முயல்கிறார்கள்.' வரி சற்று நீளந்தான், ஆனால் இதைப் படித்தவர் பேதி மாத்திரையைப் பற்றிக் கேட்டிருக்கமாட்டார்.