பச்சத்தண்ணி கூடப் பல்லுல படல

"பச்சத்தண்ணி கூடப் பல்லுல படல தாயி."

போன திங்கட்கிழமை, குடலிறக்க ஆபரேஷனுக்காக உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த பெரியவர் சொன்னது. ஏதாவது சாப்பிட்டீர்களா என்று வார்டில் நர்ஸ் ஒருமுறை கேட்டார். தியேட்டர் வாசலில் நான் இரண்டுமுறை கேட்டேன். மூன்று முறையும் அதே பச்சத்தண்ணிதான். ஸ்ட்ரெச்சரைத் தள்ளப்போகும் நேரத்தில், கூட வந்த பேத்தி என்னிடம் புகார் சொன்னாள்: "தாத்தா எனக்குக் கொஞ்சம்தான் பருத்திப்பால் குடுத்தாரு. மிச்சத்த அவரே குடிச்சுட்டாரு."

மகன் தரையைப் பார்த்தார். மதுரை ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் குடித்திருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆபரேஷனைத் தள்ளிவைத்தோம்.

நான் மயக்க மருத்துவர். இந்த மாதத்தில் எனக்கு இது நான்காவது பொய். வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போனால் ஆளே போய்விடலாம். இதை எல்லா வார்டிலும் சொல்லித்தான் அனுப்புகிறோம்.

சிக்கல் என்னவென்றால், பெரியவர் தான் பொய் சொன்னதாகவே நினைக்கவில்லை. நம் ஊரில் சாப்பாடு என்றால் சோறு. இட்லி பலகாரம். காபி, டீ, ஹார்லிக்ஸ் எல்லாம் 'தண்ணி' கணக்கு. "காபி மட்டும்தான் டாக்டர்" என்று சொல்பவரிடம் எப்படிக் கோபப்படுவது? ஆனாலும் கோபம் வருகிறது. பால், டம்ளரில் இருக்கும்போதுதான் தண்ணீர் மாதிரி. வயிற்றுக்குள் போய் அமிலம் பட்டதும் திரிந்து கட்டியாகிவிடும். அதனால் ஒரு வாய் பால்காபி குடித்தாலும் இட்லி சாப்பிட்ட கணக்குதான்: மயக்கம் கொடுக்க 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். பருத்திப்பாலில் அரிசிமாவு, கருப்பட்டி, தேங்காய் எல்லாம் இருக்கிறது. அது குடிக்கிற சாப்பாடு. பரோட்டா, பிரியாணி என்றால் 8 மணி நேரம். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் 4 மணி நேரம். வெறும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்புவரை பெரும்பாலானவர்கள் குடிக்கலாம்; பால் சேர்க்காத கடுங்காப்பியும் அந்தக் கணக்குத்தான். நாள்பட்ட சர்க்கரை இருந்தால் வயிறு மெதுவாகத்தான் காலியாகும், அதையும் சொல்லுங்கள். உங்கள் டாக்டர் இதைவிடக் கூடுதல் நேரம் சொன்னால் அதுதான் கணக்கு.

தெரிந்தே சொல்லும் பொய்யும் உண்டு. மகன் திருப்பூரில் லீவு போட்டுவிட்டு வந்திருப்பான், வட்டிக்கு வாங்கிய பணம் பையில் இருக்கும், நாள் பார்த்து வந்திருப்பார்கள். தள்ளிப்போனால் எல்லாம் வீண். "கேட்டா இல்லன்னு சொல்லிருங்க மாமா" என்று மருமகள் காதில் சொல்லியே அனுப்புவார். இதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. உண்மையைச் சொன்னவரை வார்டே கேட்கும்படி திட்டினால் அடுத்த கட்டில்காரர் எப்படி வாயைத் திறப்பார்? நானும் திட்டியிருக்கிறேன். "ஊசி வலிக்காது" என்று தினமும் பத்துப் பேரிடம் பொய் சொல்பவள்தான் நானும்.

குடியைப் பற்றிக் கேட்கும்போது மனைவியை வெளியே அனுப்பிவிடுவேன். அவர் முன்னால் "எப்பவாச்சும்" என்றவர், கதவு மூடியதும் "தினம் ஒரு குவார்ட்டர்" என்பார். எனக்கு வேண்டியது அந்தக் குவார்ட்டர்தான். தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கி, உளறி, தையலையே பிய்த்துக்கொள்ளலாம். முன்கூட்டியே தெரிந்தால் மருந்து இருக்கிறது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததை மறைக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தின்னும் மாத்திரையைச் சொல்லாமல் முதுகில் ஊசி போட்டுக்கொண்டால் தண்டுவடத்தை ஒட்டி ரத்தம் கட்டிக் கால் விளங்காமல் போகலாம். அதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடவும் வேண்டாம். மாத்திரை அட்டையோடு வாருங்கள், போதும். கட்டிய பல்லை வீட்டாருக்குத் தெரியாமல் வைத்திருக்கும் அக்காமார்களே, என் காதில் மட்டும் சொல்லுங்கள்.

விபத்து, பிரசவம் என்று அவசரமாக வந்தால் சாப்பிட்டிருந்தாலும் ஆபரேஷன் நடக்கும். வயிறு நிறைந்தவருக்கு மயக்கம் கொடுக்கத் தனி முறை வைத்திருக்கிறோம். நிறைந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

வியாழக்கிழமை பெரியவர் திரும்ப வந்தார். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற பேத்தியைக் காட்டி, "அவகிட்டயே கேட்டுக்க தாயி" என்றார்.