தொடையில் விழுந்த அடி சிறுநீரகத்தை எப்படி நிறுத்துகிறது?

ஹட்டன் வாசகர் ஒருவர் கேட்கிறார்: பொலிஸில் பொல்லால் தொடையிலும் பிட்டத்திலும் மட்டும் அடி வாங்கியவர், ஒரு எலும்புகூட முறியாமல், இரண்டு மூன்று நாள் கழித்துச் சிறுநீரகம் பழுதாகி இறப்பது எப்படி?

காவலில் சாவு பல வழியில் வரும். தலையில் அடி, குப்புறக் கிடத்தி முதுகில் ஏறி அழுத்துவதால் மூச்சுத் திணறல், வழக்கமான மருந்தைக் கொடுக்காமல் விடுவது, தூக்கு. இந்த வாசகர் கேட்டது வெளியில் தெரியாத வகை.

தசைக்குள் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கிறது. அடி மேல் அடி விழும்போது தோல் கிழியாமலே உள்ளே தசை நசுங்கி, அந்தப் புரதம் இரத்தத்தில் கலக்கிறது. ஹீமோகுளோபினில் ஏறத்தாழ கால்வாசி பருமன்தான் என்பதால் சிறுநீரக வடிகட்டியில் சுலபமாக நழுவி, அப்புறம் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்கிறது, அதிலுள்ள இரும்பு குழாய்ச் சுவரையே பழுதாக்குகிறது. குடிக்கத் தண்ணீர் கொடுக்காமல் வைத்திருந்தால் இதெல்லாம் இன்னும் மோசம். சிறுநீர் கடும் பிளேன்டீ நிறத்தில் போகும். சோதனைப் பட்டியை நனைத்தால் இரத்தம் இருப்பதாகக் காட்டும், ஆனால் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் செங்குழியங்களைக் காணோம்! எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் இதுதான், தசை உடைந்திருக்கலாம் என்பதை அந்த முரண் காட்டிக்கொடுக்கிறது.

கூடவே தசையிலிருந்து பொட்டாசியமும் கொட்டும். அதை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகம் நின்றுவிட்டதால் இதயம் திடீரென நிற்கலாம்.

1941இல், இலண்டன் குண்டுவீச்சு இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்கள் சில நாட்களில் இப்படி இறந்ததை பைவாட்டர்ஸ், பீல் என்ற இருவர் விவரித்தார்கள். நேரத்தோடு சேலைன் ஏற்றினால் பலரைக் காப்பாற்றலாம். கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோக வேண்டும் என்கிற 1979ஆம் ஆண்டுச் சட்டத்தை அதனால்தான் நான் உயிர்காக்கும் ஏற்பாடாகவும் பார்க்கிறேன்.

இறந்த பிறகு "ஏற்கெனவே வருத்தக்காரன்", "கெட்ட நேரம்" என்று தோட்டத்தில் பேசி முடித்துவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். தோலின் மேல் தழும்பே இல்லாவிட்டாலும், சட்ட வைத்திய அதிகாரி தொடை, பிட்டம், முதுகுத் தசைகளை ஆழமாக வெட்டிப் பார்த்தால் கன்றிய இரத்தம் தெரியும், சிறுநீரகத் துண்டைச் சாயமிட்டால் மயோகுளோபினும் தெரியும். இந்த ஆய்வுகூட வசதிக்கு மலையக ஆஸ்பத்திரிகளில் அரசு பணம் போடத்தான் வேண்டும். இவை செய்யப்பட்டனவா என்று குடும்பத்தார் மரண விசாரணையில் நீதவான் முன் கேட்கலாம், அதுவரை உடலை எரிக்காமல் இருப்பது நல்லது, புதைத்த உடலைத் தோண்டி எடுத்தாவது மறுபடி பரிசோதிக்க முடியும்.