பீரோவில் கிடக்கும் முதல் ஸ்மார்ட்போன்: சார்ஜில் போடும் முன் தெரிய வேண்டியவை

2010-க்கும் 2013-க்கும் இடையில் வாங்கிய முதல் ஆண்ட்ராய்டு போன் எத்தனையோ வீடுகளில் பீரோ டிராயரில் இன்னும் கிடக்கிறது. குழந்தையின் முதல் பிறந்தநாள் படம், காலமான அப்பா அனுப்பிய குறுஞ்செய்தி, வேறெங்கும் குறித்துவைக்காத எண்கள் என்று எதையோ தேடித்தான் ஒருநாள் அதைக் கையில் எடுக்கிறார்கள். எடுத்ததும் சார்ஜில் போடுகிறார்கள். ஆன் ஆனதும் மெதுவாக ஓடுகிறதே என்று ரீசெட் அடிக்கிறார்கள். பத்து வருடம் பத்திரமாக இருந்த தகவல் அந்த அரை மணி நேரத்தில் போய்விடுகிறது. அந்தப் போன்களால் எது முடியும், எது முடியாது என்பது தெரிந்தால் இதைத் தவிர்க்கலாம்.

முதலில் பேட்டரி. அப்போதைய போன்கள் பலவற்றில் பின்மூடியை நகத்தாலேயே கழற்றலாம். பேட்டரியை வெளியே எடுத்துச் சமமான மேசைமேல் படுக்கவைத்து, விரலால் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். மேசையோடு ஒட்டி உடனே நின்றால் தட்டையாக இருக்கிறது. பம்பரம்போல் நடுவில் ஊன்றிச் சுற்றினால் உப்பியிருக்கிறது. அதை மறுபடி போனில் போடவே கூடாது. அழுத்தித் தட்டையாக்குவதோ ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றுவதோ தீப்பிடிக்க வைக்கும் வேலை.

தட்டையாக இருந்தால் மட்டும் மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, + மற்றும் − குறியிட்ட முனைகளில் பாருங்கள். முழு சார்ஜில் பெரும்பாலானவை 4.2 வோல்ட் காட்டும். 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் சார்ஜ் போட்டுப் பார்க்கலாம். 2.5-க்குக் கீழே போயிருந்தால் கைவிட்டுவிடுங்கள். அவ்வளவு தாழ்ந்த நிலையில் லித்தியம் அயான் பேட்டரிக்குள் இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏறும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். மீட்டர் பூஜ்யம் காட்டினால் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் இணைப்பைத் துண்டித்திருக்கக்கூடும். அது காரணத்தோடுதான் துண்டித்திருக்கிறது. வலுக்கட்டாயமாகச் சார்ஜ் ஏற்றும் பூஸ்டர் கருவியில் வைத்து எழுப்பித் தருகிறோம் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பேட்டரியின் மேல் அச்சிட்ட எண்ணைப் பார்த்து அதே எண்ணில் புதிதாக ஒன்று வாங்குவது மலிவு. சாம்சங் கேலக்ஸி ஒய் போனுக்கு அந்த எண் ஈபி454357வியூ, 1200 எம்ஏஎச். பேட்டரி இல்லாமல் சார்ஜர் மட்டும் செருகினால் இந்தப் போன்களில் பெரும்பாலானவை ஆன் ஆகாது.

இப்போதைய ஃபாஸ்ட் சார்ஜர் பழைய போனை எரித்துவிடும் என்ற பயம் தேவையில்லை. போன் கேட்காதவரை நல்ல சார்ஜர் 5 வோல்ட்டைத் தாண்டாது. ஆனால் சார்ஜ் ஏறும் நேரம் முழுக்க ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். டைல்ஸ் தரையில் வையுங்கள், மெத்தைமேல் வேண்டாம்.

அடுத்தது சிம். அன்றைய போன்கள் பெரிய அளவு சிம் கேட்பவை. இன்றைய நானோ சிம்மை அட்டை அடாப்டரில் வைத்துச் செருகினால், இழுக்கும்போது சிம் கழன்று அடாப்டர் விளிம்பு ஸ்லாட்டின் பின்களில் மாட்டி வளைத்துவிடும். தகவல் எடுக்க சிம்மே தேவையில்லை. போட்டாலும் பயன் குறைவு: ஜியோவில் தொடக்கம் முதலே 2ஜியும் 3ஜியும் கிடையாது என்பதால் 2ஜி, 3ஜி மட்டும் தெரிந்த போனில் அதற்கு சிக்னலே வராது. ஏர்டெல் தன் 3ஜியை 2020-க்குள் நிறுத்திவிட்டது.

போன் ஆன் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பேட்டர்ன் மறந்திருந்தால் ஊகித்து ஊகித்துப் போட்டுப் பார்க்காதீர்கள், பிள்ளைகள் கையிலும் தராதீர்கள். ஆண்ட்ராய்டின் 2.3 பதிப்பில் 5 முறை தவறினால் 30 விநாடி நிற்கும். 20 முறை தவறினால் கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். 2.3.7-உம் அதற்கு முந்தையவையும் ஓடும் போன்களில் உள்நுழைவதைக் கூகுள் 2021 செப்டம்பர் 27 அன்று நிறுத்திவிட்டது. ஆகவே அந்தக் கதவை இனி நம்ப முடியாது.

ரீசெட் அடிக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். ரீசெட் அடித்தால் உள்ளே இருக்கும் ஆப் எல்லாம் போய்விடும். கணக்கில் நுழைய முடியாததால் பிளே ஸ்டோரிலிருந்து எதையும் திரும்ப இறக்க முடியாது. வேகமும் அதிகரிக்காது, ஏனென்றால் அந்த மெதுவுக்குக் காரணம் குப்பை சேர்ந்தது மட்டுமல்ல.

என்ன காரணம்? 2008 அக்டோபரில் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான எச்டிசி டிரீமில் ரேம் 192 எம்பி, உள் சேமிப்பு 256 எம்பி. மூன்று வருடம் கழித்து 2011-இல் வந்து இந்தியாவில் ஏராளமாக விற்ற கேலக்ஸி ஒய்யில் 832 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 290 எம்பி ரேம், பயனருக்குச் சுமார் 180 எம்பி இடம். ஆண்ட்ராய்டு 2.3 வரை திரையை வரையும் வேலையைப் பெரும்பாலும் பிராசசரே செய்தது. போன்களில் அதைக் கிராபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைத்தது 4.0-இல்தான். விரலால் தள்ளும்போது பட்டியல் திக்கித் திக்கி நகர்ந்தது வைரஸால் அல்ல. ‘கிளீனர்’, ‘டாஸ்க் கில்லர்’ ஆப்கள் நிலைமையைக் கெடுக்கவே செய்தன. அவை நிறுத்திய ஆப்பை ஆண்ட்ராய்டு மறுபடி தொடங்கும். அந்தத் தொடக்கத்துக்கே பேட்டரியும் நேரமும் போகும்.

‘32 ஜிபி கார்டு போட்டும் இடமில்லை என்கிறதே’ என்பது அந்தக் காலத்தில் எங்கும் கேட்ட புகார். கார்டு வேறு, உள் சேமிப்பு வேறு. ஆப் நிறுவப்படுவது உள் சேமிப்பில். 2010 மே மாதம் வந்த ஆண்ட்ராய்டு 2.2-இலிருந்து ஆப்பைக் கார்டுக்கு நகர்த்த முடிந்தது உண்மைதான். ஆனால் நகர்ந்தது ஆப்பின் பொட்டலம் மட்டும். அதை ஓட்டுவதற்காகப் போன் தயாரித்துவைக்கும் டெக்ஸ் கோப்பும் ஆப் சேர்த்த தகவலும் உள்ளேயே தங்கின. அதற்கு மேல், மொத்த இடத்தில் வழக்கமாக 10 சதவீதம் காலியாக இருக்க வேண்டும் என்று ஆண்ட்ராய்டு கணக்குவைத்திருந்தது. 180 எம்பியில் அது 18 எம்பி. 15 எம்பி காலியாக இருந்தும் 3 எம்பி ஆப் ஏறாதது இதனால்தான்.

அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் நடந்த இன்னொன்று பலருக்கு இன்றும் தெரியாது. உள் சேமிப்பு நிரம்பிவிட்டால் அந்தக் கால ஆண்ட்ராய்டு குறுஞ்செய்திகளை வாங்குவதையே நிறுத்திவிடும். மேலே சின்னதாக ஓர் எச்சரிக்கை தெரியும், அவ்வளவுதான். வயதானவர்களுக்கு ‘ஓடிபி மட்டும் வந்தால் போதும்’ என்று பழைய போனைக் கொடுத்துவைத்திருந்தால் உடனே மாற்றுங்கள். ஓடிபி வராமல் போவது பாதி ஆபத்து. பாதுகாப்புத் திருத்தமே (அப்டேட்) வராத போனில் வங்கிச் செய்தி கிடப்பது மீதி. 2015-இல் தெரியவந்த ஸ்டேஜ்ஃபிரைட் என்ற பாதுகாப்பு ஓட்டை ஆண்ட்ராய்டு 2.2 முதல் 5.1 வரை இருந்தது; அந்தப் பழைய போன்களில் பெரும்பாலானவற்றுக்கு அதற்கான திருத்தம் வந்து சேரவேயில்லை.

வைஃபை கிடைத்தும் இணையதளம் திறக்கவில்லை என்றால் முதலில் தேதியைப் பாருங்கள். பேட்டரி வற்றிக் கிடந்த போன் பழைய வருடம் ஒன்றுக்குத் திரும்பியிருக்கும். தேதி தப்பானால் பாதுகாப்புச் சான்றிதழ் எதையும் அது ஏற்காது. தேதியைச் சரிசெய்தும் திறக்காவிட்டால் கோளாறு போனில் இல்லை, அதன் வயதில். இன்றைய தளங்கள் கேட்கும் பாதுகாப்பான இணைப்பு முறையான டிஎல்எஸ் 1.2 ஆண்ட்ராய்டு 4.1-க்கு முன் கிடையாது. தானாக இயங்கும்படி வந்தது 5.0-இல். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழ் வைத்திருக்கும் தளங்களுக்கு வேண்டிய மூலச் சான்றிதழ் 7.1.1-க்கு முந்தைய போன்களில் கிடையாது. வாட்ஸ்அப் 2.3.7 வரையிலான போன்களை 2020 பிப்ரவரி 1 அன்று கைவிட்டது. இதைச் சரிசெய்கிறேன் என்று தெரியாத தளத்திலிருந்து ஆப் கோப்பை இறக்கி ஏற்றாதீர்கள். அப்படி ஏற்றத்தான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, ஏனென்றால் நமக்கு வேண்டிய தகவலை எடுக்க இணையமே தேவையில்லை.

படங்களுக்குப் போனைக் கணினியில் செருகுவதைவிட, போனை அணைத்துவிட்டு மெமரி கார்டைக் கழற்றிக் கார்டு ரீடரில் போடுங்கள். தேய்ந்த மைக்ரோ யூஎஸ்பி பின் நடுவில் துண்டித்துத் தொல்லைதராது. டிசிஐஎம் என்ற ஃபோல்டரில் கேமரா படங்கள் இருக்கும். வாட்ஸ்அப் ஃபோல்டருக்குள் மீடியா என்பதில் வந்த படங்கள் இருக்கும், அவை பூட்டப்படாதவை. உரையாடல்களின் காப்புக் கோப்பு பூட்டப்பட்டது, கார்டிலிருந்து அதைப் படிக்க முடியாது. ‘கார்டை ஃபார்மேட் செய்யவா’ என்று கணினி கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். கார்டின் முழு நகலை முதலில் எடுத்துக்கொண்டு, தொலைந்த படங்களை மீட்கும் ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளை அந்த நகலின் மேல்தான் ஓட்ட வேண்டும்.

எண்களுக்கு, காண்டாக்ட்ஸில் மெனு பொத்தானை அழுத்தி, ஏற்றுமதிக்கான வரியில் எஸ்டி கார்டைத் தேர்ந்தெடுங்கள். கார்டின் வெளிமட்டத்தில் 00001 என்ற பெயரில் ஒரு விசிஎஃப் கோப்பு விழும். தமிழில் பெயர் பதிந்திருந்தவர்கள் அதை நோட்பேடில் திறந்துபார்த்துப் பதறுவார்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சமக்குறியும் எழுத்தும் எண்ணுமாக வரி வரியாக ஏதோ இருக்கும். அது கெட்டுப்போனதல்ல. அந்தக் கோப்பு வகையில் தமிழ் எழுத்தைப் பதிவுசெய்யும் முறை அப்படி. நோட்பேடில் எதையும் திருத்திச் சேமிக்காமல் புதிய போனில் இறக்குமதி செய்தால் பெயர்கள் தமிழிலேயே வந்துவிடும்.

பழைய போனின் திரையில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தாலும் இதே பதில்தான். 2.3 வரை ஆண்ட்ராய்டில் தமிழ் எழுத்துருவே கிடையாது. சில நிறுவனங்கள் தாமாகச் சேர்த்தன. எழுத்துரு இருந்தும் எழுத்துகளைக் கோக்கும் திறன் இல்லாத போன்களில் ‘கொ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. 4.0-இல் தமிழ் எழுத்துருவும் கோக்கும் முறையும் சேர்ந்து வந்தன. அதற்கு முன் தமிழ் படித்தவர்கள் ஓபரா மினியின் கான்ஃபிக் பக்கத்தின் அடியில் சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும் வசதியை இயக்கித்தான் படித்தார்கள். திரையில் தெரியாத தமிழ் உள்ளே யூனிகோடாக முழுசாக இருக்கிறது. கட்டமாகத் தெரிகிறதென்று எண்ணை அழித்து ஆங்கிலத்தில் மறுபடி பதியத் தேவையில்லை.

குறுஞ்செய்திகள்தான் கடினம். அவை கார்டில் இல்லை, உள் சேமிப்பின் பூட்டிய பகுதியில் ஒரு தரவுத்தளத்தில் இருக்கின்றன. வெளியே எடுக்க ரூட் செய்ய வேண்டும், அதாவது போனின் உள்பூட்டை உடைத்து முழு அதிகாரம் பெற வேண்டும். அந்த முயற்சியில் போனே டெட் ஆகலாம். வேண்டியவை நூறு இருநூறுதான் என்றால், திரையைப் பிரகாசமாக வைத்து இன்னொரு போனால் ஒவ்வொன்றையும் படம் பிடியுங்கள். தேதியும் அனுப்பியவர் பெயரும் சட்டகத்துக்குள் வரட்டும். சலிப்பான வேலைதான், ஆனால் அப்பாவின் செய்தியை வைத்துச் சூதாடாத வழி அதுவே.

எல்லாம் எடுத்தபின் போனை விற்கவோ கொடுக்கவோ நினைத்தால் ரீசெட் மட்டும் போதாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் லாரன்ட் சைமனும் ராஸ் ஆண்டர்சனும் 2015-இல் ஆண்ட்ராய்டு 2.3 முதல் 4.3 வரை ஓடும் 21 பழைய போன்களைச் சோதித்தார்கள். ரீசெட் அடித்த பிறகும் படங்களும் செய்திகளும் கணக்குச் சாவிகளும் மீட்கக்கூடியவையாக இருந்தன. 4.0-க்கு மேற்பட்ட போன்களில் பாதுகாப்பு அமைப்பில் தகவலைச் சங்கேதமாக்கிப் பூட்டும் ‘என்கிரிப்ட்’ வசதி இருந்தால், நீளமான கடவுச்சொல் வைத்து, சார்ஜரில் செருகியபடியே ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ என்கிரிப்ட் ஆகவிட்டு, அதன்பின் ரீசெட் அடியுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் சமாளிக்க பேட்டரி 80 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். 2.3 போன்களில் அந்த வசதியே இல்லை, அவற்றை விற்காதீர்கள். கார்டையும் சிம்மையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள். பேட்டரியைத் தனியாக, அதன் முனைகளின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி ஒப்படைக்க வேண்டும். டேப் இல்லாமல் சாவிக்கொத்தோடு பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.