பிணவறையில் வேலை செய்பவருக்குச் சட்டம் தரும் தொற்றுப் பாதுகாப்பும் அது நின்றுபோகும் இடங்களும்

கேரளத்தின் பீர்மேட்டுப் பக்கத்து எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்த ஒருவர் ஒன்பது ஆண்டுகளாகப் பிரேதப் பரிசோதனைக்கு உதவியாளராக இருக்கிறார். மண்டையோட்டை அறுப்பதும், முடிந்தபின் கோணி ஊசி போன்ற வளைந்த ஊசியால் உடலைத் தைத்து மூடுவதும் அவர்தான். அறுபட்ட விலா எலும்பின் முனை கையுறையைக் கிழித்து அவருடைய விரலில் இறங்கிய அன்றுதான், பணிப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'வளாகத் துப்புரவு' என்று எழுதியிருப்பது தெரிந்தது. பிணவறைக்குள் உனக்கென்ன வேலை என்று அலுவலகத்தில் கேட்டார்கள்.

2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளில் 4ஆம் விதி, கழிவைக் கையாளும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் 'மற்றவர்களுக்கும்' மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி), டெட்டனஸ் தடுப்பூசிகள், பாதுகாப்பு உடைகள், வேலையில் சேரும்போதும் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் பயிற்சி, உடல் பரிசோதனை ஆகியவற்றைத் தரும் பொறுப்பை மருத்துவமனை நிர்வாகத்தின் மீது வைக்கிறது. 2017ஆம் ஆண்டின் எச்ஐவி சட்டத்தின் 19ஆம் பிரிவு, காயம்பட்டவருக்கு உடனடித் தடுப்பு மருந்தையும் உரிமையாக்குகிறது.

ஒப்பந்தத்தில் வேலை செய்பவரிடம், ஒப்பந்தக்காரரைப் போய்க் கேள் என்பது முதல் தட்டிக்கழிப்பு. விதியில் 'மற்றவர்கள்' என்ற சொல் இருப்பதே அதற்கான பதில். ஆனால் நீங்கள் பிணவறையில் வேலை செய்ததற்குத் தாள் வேண்டும் என்பதால், காயம் படுமுன்பே பணிப் பட்டியலின் நகலை வாங்கி, பெயருக்கு எதிரே உண்மையான வேலை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் திருத்தம் கேளுங்கள்.

தடுப்பூசிப் பதிவேட்டில் முதல் ஊசியோடு 'போடப்பட்டது' என்று முடித்துவிடுவார்கள். மஞ்சள் காமாலை பி ஊசி 0, 1, 6 மாதம் என மூன்று முறை; கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பொருள் அளவு 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்ற ரத்தப் பரிசோதனையும் வேண்டும். நடக்காத பயிற்சிக்குக் கையெழுத்துப் போட்டால், உங்களுக்கு எல்லாம் சொல்லித்தந்தோம் என்று பின்னாளில் காட்டப்படும் சாட்சி அந்தக் கையெழுத்துதான். ரம்பம் ஓடும்போது எழும் நுண்துளிகளில் காசநோய்க் கிருமி இருக்கலாம். அதைத் துணி முகக்கவசம் தடுக்காது என்பதால் என்95 முகக்கவசம் கேட்டு வாங்குங்கள். குளிர்பெட்டியில் வைத்த உடலில் கிருமி செத்துவிடும் என்ற பேச்சும் நம்பத்தக்கதல்ல.

காயம் பட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விரலை வாயில் வைக்கவோ, பிதுக்கவோ, பிளீச்சிங் கரைசலில் நனைக்கவோ கூடாது. எச்ஐவி தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை, தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். இறந்தவரின் ரத்த முடிவு வரட்டும், சிகிச்சை மையம் திங்கட்கிழமை திறக்கும் என்று சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள். முடிவுக்காக முதல் மாத்திரை காத்திருக்கக் கூடாது. அவசரப் பிரிவு மருத்துவரிடமே கேளுங்கள். அன்றே உங்கள் ரத்தத்தையும் பரிசோதித்துச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால், நோய் முன்பே இருந்தது என்று சொல்வது அவர்களுக்கு எளிது. காயப் பதிவேட்டில் 'கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். நேரம், கருவி, நடந்தது ஆகியவை மட்டும் பதிவாகட்டும்.

மலையாளத்தில் எழுதத் தெரியாது என்று பலர் மனுவே கொடுப்பதில்லை. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழர் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். பதிவேடுகளின் நகல் கேட்கும் தகவல் உரிமை மனுவை மட்டும், மொழியைக் காரணம் காட்டித் திருப்பிவிடாதபடி, யாரிடமாவது சொல்லி மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிக்கொள்வது நல்லது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். 'பாதுகாப்பு ஏற்பாடுகள் என்ன' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும். தடுப்பூசிப் பதிவேட்டில் உங்கள் பெயருள்ள பக்கத்தையும், பயிற்சி வருகைப் பட்டியலையும், கழிவு விதிகளின்படி ஆண்டுதோறும் ஜூன் 30க்குள் அனுப்ப வேண்டிய நான்காம் படிவ ஆண்டறிக்கையின் நகலையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். மனுவை நேரில் கொடுத்தால், உங்கள் நகலில் தேதி முத்திரை விழும்வரை மேசையை விட்டு நகராதீர்கள்.