தரை ஊடுருவு ரேடார்: மண் ஈரத்தை அளக்கும் அலை

2024இல் வயநாடு நிலச்சரிவில் மண்ணுக்கடியில் தேடவும், 2025 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழிப் பகுதியை ஆராயவும் கொண்டுவரப்பட்ட கருவி என்று 'கிரவுண்ட் பெனிட்ரேட்டிங் ரேடார்', அதாவது தரை ஊடுருவு ரேடார், என்ற பெயரைப் பலர் செய்திகளில் படித்திருப்பார்கள். வயல் மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதையும் இதைக் கொண்டு அளக்கலாம், தோண்டாமலே.

'ரேடார்' என்பது 'ரேடியோ டிடெக்‌ஷன் அண்ட் ரேஞ்சிங்' என்ற தொடரின் சுருக்கம். 1940இல் அமெரிக்கக் கடற்படை இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. ரேடியோ அலையை அனுப்பி, எதிரே பொருள் இருப்பதைக் கண்டறிந்து தொலைவைக் கணிப்பது என்று பொருள். தரைக்குள் அலை செலுத்திப் பார்க்கும் முயற்சியோ இந்தப் பெயரை விடப் பழையது. 1929இலேயே ஸ்டெர்ன் என்பவர் ஆஸ்திரியாவில் ஒரு பனியாற்றின் தடிமனை ரேடியோ அலையால் அளந்திருக்கிறார்.

ரேடாருக்குத் 'தொலைக்கண்டுணர்வி' என்றொரு தமிழ்ச்சொல் உண்டு. விமானத்தைத் தேடும் ரேடாருக்கு அது பொருந்தும். காலடியில் சில மீட்டர் ஆழம் பார்ப்பதற்குத் 'தொலை' ஒட்டவில்லை. அதனால் இங்கே ரேடார் என்றே வைத்துக்கொள்கிறேன். 'ஊடுருவல் ரேடார்' என்று எழுதினால் எல்லை ஊடுருவல்தான் முதலில் நினைவுக்கு வரும். சுடுமண், ஊறுகாய் போல வினைத்தொகையாக 'ஊடுருவு ரேடார்' என்பது கச்சிதம். 'நில ரேடார்' என்றால் நிலத்தில் நிறுவிய ரேடார் என்றும் கொள்ள இடமுண்டு. ஆன்டெனாவைத் தரையோடு இழுத்துச் செல்வதால் 'தரை'யே பொருத்தம்.

ஆனால் ஈரத்தை அளக்கும்போது அலை எவ்வளவு ஆழம் போகிறது என்பதை விட, எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதே முக்கியம். பெயரில் இது தெரியாது.

காற்றில் ரேடியோ அலை ஒரு நானோ நொடிக்கு, அதாவது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்குக்கு, 30 செ.மீ. செல்லும். மண்ணுக்குள் அந்த வேகம் குறையும். எவ்வளவு குறையும் என்பதைத் தீர்மானிப்பது 'ஒப்புமை விடுதிறன்' என்ற பண்பு. அந்த எண் கூடக் கூட அலை மெதுவாகும். காற்றுக்கு அது 1, உலர்ந்த மணலுக்கு 3 முதல் 5, தண்ணீருக்கு ஏறத்தாழ 80. நீர் மூலக்கூறுகள் அலையின் மின்புலத்துக்கேற்பத் திரும்பித் திரும்பி நிற்பதால்தான் இவ்வளவு பெரிய எண். பனிக்கட்டியில் அவை அப்படித் திரும்ப முடியாது. அதன் எண் 3 சொச்சம்தான். மண்ணில் கொஞ்சம் நீர் கூடினாலும் அலை தாமதமாவது இதனால்தான்.

அலையை அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று என இரண்டு ஆன்டெனாக்களை ஒரு மீட்டர் இடைவெளியில் தரையில் வைத்தால், காற்று வழியே போகும் அலை 3.3 நானோ நொடியில் சேர்ந்துவிடும். மேல்மண் வழியே வருவது பிந்தும். காய்ந்த மண்ணில் (விடுதிறன் 4) 6.7 நானோ நொடி, நல்ல ஈரமண்ணில் (16) 13.3. திரையில் முதல் முகடு காற்றலை, அடுத்தது தரையலை. மழைக்குப் பிறகு அந்த இரண்டாம் முகடு தள்ளிப் போவதைக் கண்ணால் பார்க்கலாம்.

விடுதிறனை ஈரமாக மாற்றும் சமன்பாட்டை டாப், டேவிஸ், ஆனன் என்ற மூன்று கனடா ஆய்வாளர்கள் 1980இல் வெளியிட்டார்கள். அதன்படி விடுதிறன் 4 என்றால் ஈரம் சுமார் 5.5 சதவீதம், 16 என்றால் 29. கலிபோர்னியாவில் குரோட், ஹப்பார்ட், ரூபின் ஆகியோர் மூன்று ஏக்கர் திராட்சைத் தோட்டமொன்றில் ஓராண்டில் பலமுறை இப்படி அளந்து, மேல் 10 செ.மீ. மண்ணின் ஈரத்தை மதிப்பிட்டு 2003இல் வெளியிட்டார்கள். ஒரே தோட்டத்தில் எந்தப் பகுதி காய்கிறது, எது காயவில்லை என்று தெரிவது பாசனத்துக்கு எவ்வளவு பெரிய உதவி!

எல்லா மண்ணிலும் இது எடுபடாது. களிமண்ணும் உவர்மண்ணும் அலையை விழுங்கிவிடும். கரிசலில் அதிகம் எதிர்பார்க்க முடியாது. மணற்பாங்கான நிலமே இதற்கு ஏற்றது.

'ஈரப்பதம்' என்ற சொல்லை வானிலை அறிக்கை காற்றுக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. அதனால் இங்கே 'மண் ஈரம்' என்பதே தெளிவு. ரேடார் தரும் சதவீதம் பருமனைச் சார்ந்தது: 29 சதவீதம் என்றால் 100 கன செ.மீ. மண்ணில் 29 கன செ.மீ. நீர். 105 டிகிரி செல்சியஸ் அடுப்பில் உலர்த்தி எடைபோட்டு எடுப்பது எடை சார்ந்த ஈரம். இரண்டையும் ஒப்பிட, எடை ஈரத்தை மண்ணின் உலர் பரும அடர்த்தியால், அதாவது ஒரு கன செ.மீ. மண் உலர்ந்தபின் எத்தனை கிராம் என்ற எண்ணால், பெருக்க வேண்டும்.