கால்தான் நேராகிவிட்டதே, ஷூ எதற்கு?

வளைபாதத்தோடு பிறந்து, மாவுக்கட்டுப் போட்டு நேராக்கி அனுப்பிய கால் மறுபடி உள்பக்கம் திரும்பி வருகிறது. இந்த மாதமும் அப்படி ஒரு பையன், இரண்டு வயது இருக்கும். நடக்கும்போது பாதத்தின் வெளி ஓரம் மட்டும்தான் தரையில் பட்டது; அங்கே தோல் காய்த்துத் தடித்திருந்தது. குதிகால் தரையைத் தொடவே இல்லை. கட்டுப் பிரித்ததும் போடச் சொல்லிக் கொடுத்த, கம்பியால் இணைத்த ஷூ ஜோடி என்ன ஆயிற்று என்று கேட்டேன். "கால்தான் நேராயிடுச்சே டாக்டர். போட்டா ராத்திரி பூரா அழறான், விட்டுட்டோம்" என்றார் அம்மா. இதே பதிலை இன்னும் எத்தனை பெற்றோரிடம் கேட்பது?

தயவுசெய்து இதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பாதத்தை நேராக்குவது ஷூவின் வேலையே இல்லை. அதை மாவுக்கட்டு செய்து முடித்துவிட்டது. வாரம் ஒரு கட்டு, பெரும்பாலும் ஐந்தாறு கட்டு, அப்புறம் பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சின்ன வெட்டு, கடைசியாக 3 வாரக் கட்டு. அமெரிக்காவின் அயோவாவில் இக்னாசியோ பொன்செட்டி என்ற மருத்துவர் வகுத்த முறை இது. இன்று உலகம் முழுக்க இதுதான் முதல் சிகிச்சை.

நேராக்கிய பாதத்தைத் திரும்ப வளைய விடாமல் பிடித்து வைப்பதற்குத்தான் ஷூ. வளைபாதத்தில் உள்பக்கமும் பின்பக்கமும் இருக்கும் தசைநார்கள் இயல்பைவிடத் தடித்து இறுகியவை. கட்டு அவற்றை நீட்டிவிட்டது, ஆனால் சுருங்கும் குணம் அவற்றைவிட்டுப் போகவில்லை. குழந்தை வேகமாக வளரும் முதல் சில வருடங்களில் அந்த இழுப்பு இருந்துகொண்டே இருக்கும். 'நேராகிவிட்டது, இனி எதற்கு' என்பது தலைகீழான கணக்கு. கால் நேராக இருக்கும்வரைதான் ஷூவால் பயன். வளைந்த பிறகு பழைய ஷூவைத் தேடி எடுத்து இறுக்கி மாட்டினால் குதிகால் மேலே எழும்பும், தோல் புண்ணாகும், பாதம் மட்டும் திரும்பாது. மறுபடி மாவுக்கட்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

"ஒரு கால்தானே வளைஞ்சிருந்தது, நல்ல காலுக்கு எதுக்கு?" என்று கேட்காத தாத்தா பாட்டி இல்லை. இரண்டு ஷூவையும் இணைக்கும் கம்பியில்தான் விஷயமே இருக்கிறது. வளைந்திருந்த பாதத்தை 60 முதல் 70 டிகிரி, நல்ல பாதத்தை 30 முதல் 40 டிகிரி வெளிப்பக்கம் திருப்பிப் பிடிப்பது அந்தக் கம்பிதான். அதைக் கழற்றிவிட்டு வெறும் ஷூவை மாட்டுவதும், மாட்டாமலே விடுவதும் ஒன்று.

முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணி நேரம். அப்புறம் ராத்திரியும் பகல் தூக்கமும் மட்டும், 4 வயது வரை. நடக்கிற வயதில் விழித்திருக்கும் நேரமெல்லாம் காலில் இந்த ஷூ இருக்காது; நடை தாமதமாகுமோ என்ற பயம் வேண்டாம்.

முதல் இரண்டு மூன்று நாள் அழும், சரி. அழும்போதெல்லாம் கழற்றினால், அழுதால் கழற்றுவார்கள் என்று கற்றுக்கொள்ளும். கால்களைத் தனித்தனியே உதைக்க முடியாத கோபம்தான் பாதி அழுகை. கம்பியைப் பிடித்து இரண்டு முழங்காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் அழுதால் பிடிவாதம் என்று விட்டுவிடாதீர்கள், காலுறையைக் கழற்றிப் பாருங்கள். குதிகால் ஷூவின் அடியில் பதியாவிட்டால் உரசிக் கொப்புளம் வரும். நடு ஸ்ட்ராப்பை முதலில் இறுக்குங்கள், மற்றவை பிறகு. சிவந்த இடத்தில் கிரீம், லோஷன் வேண்டாம், தோல் இளகி இன்னும் மோசமாகும். கொப்புளம் வந்தால் ஷூவை மூலையில் போடாமல் குழந்தையோடு எடுத்து வாருங்கள், சரிசெய்து தருகிறோம்.

இன்னும் கட்டுப் போட்டிருக்கும் குழந்தையா? விரல்கள் கட்டுக்குள் மறைந்தாலோ நீலம் பாரித்தாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள், உடனே வாருங்கள்.

ஏற்கெனவே ஷூவை விட்டவர்களிடம் ஒரு வேண்டுகோள். திட்டுவார்களோ என்று பயந்து வராமல் இருக்காதீர்கள். லேசாகத் திரும்பியிருந்தால் சில கட்டுகளிலேயே பெரும்பாலும் சரியாகும். தள்ளிப்போட்டால் தசைநாணை இடம் மாற்றும் அறுவை சிகிச்சை வரை போகலாம். வந்து, "தினமும் போட்டோம்" என்று சொல்லவும் வேண்டாம். ஒழுங்காகப் போட்டும் திரும்பிய காலுக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கும். எப்போது நிறுத்தினீர்கள், ராத்திரி எத்தனை மணி நேரம் போட்டீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். அடுத்து என்ன செய்வது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம்.